அடியோர எழுத்துகள்: பழைய அச்சோவியங்களையும் அவற்றைச் செய்தவர்களையும் தேடத் தொடங்குபவர்களுக்கு

1830களின் தொடக்கத்தில் லண்டனில் இமயமலைப் பறவைகளின் படத்தொகுதி ஒன்று வெளியானது. மொத்தம் 80 படங்கள். நூலின் முகப்பில் இருக்கும் பெயர் பறவையியலாளர் ஜான் கூல்ட். ஆனால் படங்களின் அடியோரத்தில் மிகச் சிறிய எழுத்தில் வேறொன்று இருக்கிறது: இயற்கையைப் பார்த்து வரைந்து, கல்லிலும் வரைந்தவர் இ. கூல்ட், அச்சிட்டவர் சி. ஹல்மண்டல். அந்த ‘இ’ எலிசபெத், ஜானின் மனைவி. கல்லில் வரைந்து அதிலிருந்து தாளில் அச்செடுக்கும் கல்லச்சுக் கலையைக் கற்றுக்கொண்டு, 600க்கும் மேற்பட்ட பறவைப் படங்களில் உழைத்தவர். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்த பறவைகளுக்கான 50 படங்களும் அவர் கையால் கல்லில் ஏறியவைதான். 1841இல், 37 வயதில், எட்டாவது பிள்ளையைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். இந்தப் படங்களை நூறாண்டுக்கும் மேலாக உலகம் ஜான் கூல்டின் பறவைகள் என்றே அழைத்துவந்தது. எலிசபெத்தின் பெயரை யாரும் ஒளித்துவைக்கவில்லை. அது அச்சிலேயே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

பழைய அச்சோவியங்களைச் சேகரிப்பதில் எனக்குள்ள பேரார்வம் இந்த இடத்தில்தான். பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓடப் பணம் வேண்டும். அதிகம் அறியப்படாத ஒரு கையைக் கண்டுபிடிக்கப் பொறுமையும், ஒரு லென்ஸும், எழுத்தை எழுத்தாகப் படிக்கும் பழக்கமும் போதும். ஓர் அச்சோவியம் தன்னைப் பற்றிய ஆவணத்தைத் தன் மேலேயே சுமந்துகொண்டிருக்கிறது. அதைப் படிப்பது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன்.

எது அச்சோவியம்?

அச்சில் எடுப்பதற்கென்றே ஒருவர் மரத்திலோ, செம்புத் தகட்டிலோ, கல்லிலோ கையால் உருவாக்கிய படம்தான் அச்சோவியம். ஏற்கனவே உள்ள ஓர் ஓவியத்தைப் புகைப்படமாக்கி இயந்திரத்தில் அடித்தது பிரதி. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பிரதேசம் இருக்கிறது. புகைப்படம் வருவதற்கு முன் பல நூற்றாண்டுகள், ஓர் ஓவியம் ஊரைத் தாண்டிப் போகவேண்டுமென்றால் செதுக்குக் கலைஞர் ஒருவர் அதைக் கோடுகளாக மாற்றித் தகட்டில் வெட்டியாக வேண்டும். கற்பனை ஓவியருடையது, கோடு செதுக்கியவருடையது. வண்ணத்தையும் ஒளியையும் வெறும் கறுப்புக் கோடுகளில் கொண்டுவர அவர் செய்த முடிவுகள் ஆயிரம். இவற்றை ‘நகல்தானே’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அறியப்படாத கலைஞர்கள் மிக அதிகமாக வாழ்வது இந்தப் பிரதேசத்தில்தான்.

லென்ஸ் வழியாக

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடையில் கல் பார்க்கப் பயன்படுத்துவார்களே, அதுவே போதும். முதலில் பார்க்க வேண்டியது புள்ளிகளை. ஒழுங்கான கட்டத்தில் அடுக்கிவைத்த புள்ளிகள் தெரிந்தால், அல்லது வண்ணப் படத்தில் நான்கு நிறப் புள்ளிகள் சிறு சிறு பூ வடிவில் சுற்றி நின்றால், அது புகைப்பட வழி வந்த அச்சு. ஹாஃப்டோன் எனப்படும் இந்த முறை 1880களில் பரவத் தொடங்கியது. ஆகவே 1700களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ஒரு படத்தில் இந்தப் புள்ளிக் கட்டம் இருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

புள்ளிகள் இல்லையென்றால் கோட்டைப் பாருங்கள். மரச்செதுக்கில் மை மேடான பகுதியில் பூசப்பட்டுத் தாளில் அழுத்தப்படுகிறது. அதனால் கோட்டின் ஓரங்களில் மை பிதுங்கிச் சற்றே அடர்ந்திருக்கும். தாளின் பின்புறத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் சில சமயம் அழுத்தத் தடமும் தெரியும். செம்புத் தகட்டுச் செதுக்கில் நேர் எதிர்: மை பள்ளத்தில் நிற்கிறது, ஈரத் தாளைப் பெரும் அழுத்தத்தில் அதன்மேல் செலுத்தி அந்த மையை உறிஞ்சி எடுக்கிறார்கள். அப்படி அழுத்தும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு செவ்வகப் பள்ளம் உண்டாகிறது. விரலால் தடவினாலே தெரியும். இதைத் தகட்டுத் தடம் என்பார்கள்.

தகட்டு வகைக்குள்ளும் பிரிவுகள் உண்டு. உளியால் நேரே வெட்டிய கோடு மெல்லத் தொடங்கி, நடுவில் தடித்து, கூர்மையாக முடியும். எட்சிங் எனப்படும் அமில அரிப்பில் கலைஞர் மெழுகுப் பூச்சின்மேல் ஊசியால் கீறுகிறார், தகட்டைக் கரைப்பது அமிலம். அந்தக் கோடு பேனாக் கிறுக்கலைப் போலச் சுதந்திரமாக ஓடி, மழுங்கிய முனையோடு நிற்கும். டிரைபாயின்ட் என்னும் முறையில் ஊசி தகட்டை நேரே கிழிப்பதால் ஓரத்தில் பிசிறு எழும். அந்தப் பிசிறில் மை தங்கிக் கோடு பஞ்சுபோலப் பரவியிருக்கும். பிசிறு சில டஜன் அச்சுகளிலேயே நசுங்கிவிடும் என்பதால், பஞ்சு அடர்ந்த கோடு தெரிந்தால் அது முதலில் எடுத்த தாள்களில் ஒன்று என்று கொள்ளலாம். 1640களில் லுட்விக் ஃபான் சீகன் தொடங்கிவைத்த மெசோடின்டில் கோடே கிடையாது. தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கிக் கன்னங்கறுப்பில் தொடங்கி, வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி மழமழப்பாக்குவார்கள். இருட்டிலிருந்து முகம் எழுந்துவரும் பழைய உருவப்படங்கள் பல இந்த வகை.

கல்லச்சில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்து 1796 வாக்கில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியவர் அவர். கல்லில் மெழுகுக் கட்டியால் வரைந்தது அப்படியே தாளுக்கு வருவதால், லென்ஸில் பார்த்தால் பென்சில் உரசல் போன்ற ஒழுங்கற்ற மணிகள் தெரியும். தகட்டுத் தடம் இருக்காது. நிறத்துக்கு ஒரு கல் வீதம் அடுக்கி அச்சிட்ட வண்ணக் கல்லச்சில், ஒரு நிறம் அடுத்ததோடு சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் மயிரிழை விலகி நிற்பதைப் பல இடங்களில் காணலாம். இந்தப் படங்களில் தெரியும் புள்ளிகளும் கையால் இட்டவை, அதனால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.

இவ்வளவையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முறை எதுவென்று தெளிவாக எழுதிவைத்திருக்கும் அருங்காட்சியகத் தொகுப்புகளை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகப் பழகும்.

விளிம்பு வாசகம்

மேற்கத்திய அச்சுகளில் படத்தின் கீழே இடது ஓரத்தில் பெரும்பாலும் ஓவியர் பெயர், வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயர், நடுவில் தலைப்பும் வெளியீட்டாளர் முகவரியும் இருக்கும். பெயர்களுக்குப் பின்னால் லத்தீன் சொற்களின் சுருக்கங்கள். ‘பிங்ஸிட்’ என்றால் வண்ணத்தில் தீட்டியவர். ‘டெலினியாவிட்’, சுருக்கமாக ‘டெல்’, கோட்டுச் சித்திரம் வரைந்தவர். ‘இன்வேனிட்’ என்பது கற்பனை செய்தவர். ‘ஸ்கல்ப்சிட்’, சுருக்கமாக ‘ஸ்க்’ அல்லது ‘ஸ்கல்ப்’, செதுக்கியவர். ‘ஃபேகிட்’ என்று மட்டும் இருந்தால் செய்தவர். பல சமயம் எல்லாவற்றையும் அவரே செய்தார் என்று பொருள். ‘எக்ஸ்கூடிட்’ வெளியீட்டாளரைக் குறிக்கும், ‘இம்ப்’ அச்சடித்தவரை.

புதிதாக வருபவர்கள் வழக்கமாக இடது ஓரப் பெயரை மட்டும் தேடுகிறார்கள். வலது ஓரப் பெயரில் தொடங்குங்கள் என்பேன். வட அமெரிக்கப் பறவைகளை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தாள்களில் 435 படங்களாக வெளியிட்ட ஆடுபானை எல்லாரும் அறிவார்கள். 1827 முதல் 1838 வரை ஓடிய அந்தப் பணியில் முதல் சில தகடுகளை எடின்பரோவில் வில்லியம் லிசார்ஸ் செதுக்கினார். பிறகு பொறுப்பு லண்டனில் இருந்த ஹேவெல் குடும்பத்துக்குப் போனது. பெரும்பாலான தகடுகள் இளைய ராபர்ட் ஹேவெலின் வேலை. நீர்வண்ண ஓவியத்தின் மெல்லிய நிழல்களைச் செம்பில் கொண்டுவந்தவர் அவர். அந்தப் பெயர் அவர் செதுக்கிய படங்களின் அடியில் இருக்கிறது.

வெளியீட்டாளர் வரியும் காலத்தைக் காட்டும் கருவிதான். ஓவியர் ஹோகார்த் முன்னின்று போராடியதால் 1735இல் பிரிட்டனில் செதுக்குப் படங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் வந்தது. உரிமை வேண்டுமென்றால் வெளியான தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும். அதனால் அதற்குப் பிந்தைய ஆங்கிலேயப் படங்கள் பலவற்றில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: அது தகடு முதலில் வெளியான நாள். உங்கள் கையில் உள்ள தாள் நாற்பது ஆண்டு கழித்து அதே தகட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

தகடுகள் சொத்தாகக் கைமாறின என்பதை மறக்கக்கூடாது. லண்டன் ஃப்ளீட் தெருவில் 53ஆம் எண்ணில் ராபர்ட் சேயர் கடை வைத்திருந்தார். 1794இல் அந்தத் தொழில் லாரி, விட்டில் என்ற இருவர் கைக்கு வந்தது, முகவரி மாறவில்லை. பழைய தகடுகளில் சேயர் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயரை வெட்டி மறுபடி அச்சிட்டார்கள். ஒரே படத்தில் சேயர் பெயர் இருக்கும் தாளும், லாரி விட்டில் பெயர் இருக்கும் தாளும் கிடைத்தால் எது முந்தியது என்பதில் ஐயமே இல்லை. இப்படித் தகட்டில் மாற்றம் செய்யப்பட்ட ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்கிறார்கள்: முதல் நிலை, இரண்டாம் நிலை.

படத்துக்கு வெளியே பென்சிலில் இட்ட கையெழுத்தும் 12/75 போன்ற எண்ணும் தனி வகை. எட்சிங் கலைஞர்களான விஸ்லரும் சீமோர் ஹேடனும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பரவலாக்கிய வழக்கம் பென்சில் கையெழுத்து. 75 தாள்களில் 12ஆவது என்று எண் இடுவது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். ஆகவே 1750ஆம் ஆண்டுத் தகட்டின் அச்சில் எண் இல்லையே என்று வருந்த வேண்டாம். இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தாளின் சாட்சி

பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் நீளக் கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால், கம்பிச் சல்லடையில் கையால் வார்த்த தாள். கோடுகளே இல்லாத வழவழத் தாளை ஐரோப்பாவில் 1757 வாக்கில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வாட்மேன். ஆகவே 1600களைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ஐரோப்பியப் படம் வழவழத் தாளில் இருந்தால், அது பிற்கால அச்சு.

தாளுக்குள் தெரியும் வாட்டர்மார்க் இன்னும் நேரடியாகப் பேசும். 1794 முதல் ஆங்கிலேய ஆலைகள் பலவும் வாட்டர்மார்க்கில் ஆண்டையும் சேர்த்தன. தகட்டில் 1775 என்று பொறித்திருக்க, தாளுக்குள் வாட்மேன் 1811 என்று தெரிந்தால், அந்தத் தாள் 1811க்கு முன் அச்சேறியிருக்க முடியாது. ஆடுபான் படங்களிலும் வாட்மேன் பெயரும் ஆண்டும் கொண்ட வாட்டர்மார்க்கைத்தான் வாங்குபவர்கள் முதலில் தேடுகிறார்கள். தாள் தரும் தேதி எப்போதும் ‘இதற்கு முன் இல்லை’ என்ற வகைத் தேதிதான். ஆலையிலிருந்து வந்த தாள் அச்சகத்தில் சில ஆண்டுகள் கிடந்திருக்கலாம்.

பெயர் ஒன்று, ஆட்கள் பலர்

தேடலில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. ஒரு கையொப்பம் ஒரு மனிதரைக் குறிக்கும் என்று நாம் இயல்பாக நம்பிவிடுகிறோம். அச்சுலகில் அந்த நம்பிக்கை அடிக்கடி உடையும்.

ஜப்பானிய மரச்செதுக்குகளில் ‘டொயோகுனி’ என்ற கையொப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டொயோகுனி 1825இல் இறந்தார். அவருடைய மாணவர் குனிசாடா 1844இல் குருவின் பெயரைத் தானே ஏற்றுக்கொண்டு, அதன்பின் டொயோகுனி என்றே கையொப்பமிட்டார். இடையில் இன்னொருவரும் அந்தப் பெயரில் இருந்தார். கையொப்பத்தை மட்டும் வைத்து எந்த டொயோகுனி என்று சொல்வது தொடக்கக்காரருக்குக் கடினம். உதவிக்கு வருவது ஓரத்தில் இருக்கும் சின்ன முத்திரை. ஜப்பானை ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் அச்சுப் படங்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. 1790களின் தொடக்கத்திலிருந்து 1842 வரை ‘கிவாமே’ என்ற வட்ட முத்திரை இருந்தது. 1843 முதல் தணிக்கை அலுவலர்களின் சொந்தப் பெயர் முத்திரைகள் வந்தன. டொயோகுனி என்ற கையொப்பத்தோடு அலுவலர் பெயர் முத்திரையும் இருந்தால் அது குனிசாடாவின் படம். எவனோ ஓர் அதிகாரி கடமைக்குக் குத்திய முத்திரை இன்று கலைஞரை அடையாளம் காட்டுகிறது.

ஜப்பானிய முறையில் ஓவியர் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் வேறு, அச்சடிப்பவர் வேறு, முதல் போட்டு எல்லாரையும் இணைப்பவர் வெளியீட்டாளர். 1831 வாக்கில் வெளிவந்த ஹொக்குசாயின் பேரலைப் படத்தை வெளியிட்டவர் நிஷிமுராயா யோஹாச்சி என்று நமக்குத் தெரியும். அந்த நுரை விரல்களை மரத்தில் வெட்டியவர் பெயர் படத்தில் இல்லை. 1850களில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது: ‘ஹோரி’ என்ற முன்னொட்டுடன் ‘ஹோரி டாக்கே’ போன்ற செதுக்குநர் பெயர்கள் படங்களில் தென்படுகின்றன. இவற்றை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இங்கிலாந்தின் விக்டோரியா காலப் பத்திரிகைகளிலும் கதைநூல்களிலும் ‘டால்சியல்’ என்ற கையொப்பத்தைக் கணக்கற்ற படங்களில் பார்க்கலாம். அது ஒரு குடும்பப் பட்டறை. ஜார்ஜ், எட்வர்ட், ஜான், தாமஸ் என்ற சகோதரர்களோடு சகோதரி மார்கரெட்டும் செதுக்கினார். கூடவே சம்பளத்துக்குப் பலர். எல்லாருக்கும் ஒரே கையொப்பம். பட்டறையின் சோதனை அச்சுகள் ஆல்பங்களாகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எதிர்ப்புறமும் உண்டு. 1929 முதல் 1937 வரை லண்டன் போக்குவரத்துக்காகச் செய்த விளையாட்டுச் சுவரொட்டிகளில் ‘ஆண்ட்ரூ பவர்’ என்ற கையொப்பம் இருக்கும். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. லினோலியத்தைச் செதுக்கி அச்செடுக்கும் லினோகட் கலைஞர்களான சிபில் ஆண்ட்ரூஸும் சிரில் பவரும் தங்கள் பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது.

நம் பக்கத்தில் எல்லாரும் அறிந்த உதாரணம் ரவி வர்மா அச்சகம். 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் பின்னர் அதன் ஜெர்மன் தொழில்நுட்பர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்குப் போய், ரவி வர்மா 1906இல் மறைந்த பிறகும் பல காலம் ஓடியது. அடியில் ‘ரவி வர்மா பிரஸ்’ என்று இருப்பது அச்சகத்தின் பெயர். வேறு ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாயின. ஓரத்தில் இன்னொரு கையொப்பம் இருக்கிறதா என்று லென்ஸை வைத்துப் பார்க்காமல் ‘இது ரவி வர்மா வரைந்தது’ என்று சொல்லிவிடக் கூடாது. படத்தைக் கல்லுக்கு மாற்றிய கைவினைஞர்களோ இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறார்கள்.

தேடல் எப்படி நடக்கிறது

தெரியாத பெயர் ஒன்று கிடைத்துவிட்டது. இனி என்ன? முதல் வேலை, தாளில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் முற்றுப்புள்ளி உட்பட அப்படியே எழுதிக்கொள்வது. எழுத்துப்பிழை போலத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். அந்தப் பிழையே வேறொரு பதிவோடு இணைக்கும் நூலாகலாம். அடுத்து அளவு. தகட்டுத் தடத்தின் உயரத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில், உயரத்தை முதலில் எழுதுவது துறை வழக்கம். தாளின் அளவைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். தாளை யார் வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம், தகட்டின் அளவு மாறாது.

பிறகு அருங்காட்சியகத் தரவுத்தளங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆகிய மூன்றும் தங்கள் அச்சுத் தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன. கலைஞர் பெயரில் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் நின்றுவிடாதீர்கள். வெளியீட்டாளர் பெயரில் தேடுங்கள், அச்சகத்தின் பெயரில் தேடுங்கள், தலைப்பின் முதல் சொல்லில் தேடுங்கள். ஒரு வெளியீட்டாளரின் படங்களை வரிசையாகப் பார்த்துப் போனால், உங்கள் கலைஞர் அவரிடம் எந்த ஆண்டுகளில் வேலை செய்தார், கூட யார் இருந்தார்கள் என்பது மெல்லத் துலங்கும். பெயரின் பல வடிவங்களுக்கு அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தின் கலைஞர் பெயர்ப் பட்டியலும், டச்சுக்காரர்களுக்கு ஹேக் நகரில் உள்ள ஆர்.கே.டி. என்னும் கலை வரலாற்று நிறுவனத்தின் தரவுத்தளமும் நல்ல துணை.

பிறகு கலைக்கு வெளியே போக வேண்டும். ஊர் முகவரிப் புத்தகங்கள், கண்காட்சிப் பட்டியல்கள், பழைய செய்தித்தாள் விளம்பரங்கள், மக்கள்தொகைக் கணக்கு. பிழைப்புக்காக உழைத்த கலைஞர்களின் தடம் கலை வரலாற்றைவிட இந்த இடங்களில்தான் அதிகம். பெண் கலைஞர்களைத் தேடும்போது பெயர் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவின் கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனம் 7,000க்கும் மேற்பட்ட படங்களை வெளியிட்டுப் புகழ் பெற்றது. அவற்றில் மிகவும் விரும்பப்பட்ட நிலக்காட்சிகள் பலவற்றை வரைந்தவர் ஃபிரான்சஸ் ஃப்ளோரா பாமர். இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் பாண்ட். கணவரோடு சேர்ந்து நடத்திய அச்சகத்தின் பெயர் எஃப் அண்ட் எஸ் பாமர். பின்னாளில் படங்களில் இட்டது எஃப். எஃப். பாமர். இந்த மூன்று பெயர்களும் ஒரே ஆள் என்று இணைத்தால்தான் இங்கிலாந்தில் தொடங்கி நியூயார்க்கில் முடிந்த ஒரு வாழ்க்கை முழுதாகத் தெரியும். முதலெழுத்துகளை மட்டும் பார்த்து ஆண் என்று எண்ணிக்கொண்டு தேடியிருந்தால் எதுவும் கிட்டியிருக்காது.

இதில் அதிகம் பேசப்படாத முன்னோடி ஒருவர் உண்டு. 1575இல் போப்பாண்டவரிடம் தன் செதுக்குப் படங்களுக்கு உரிமைப் பட்டயம் பெற்ற டயானா மாண்டுவானா. தகட்டில் தன் பெயரைத் தெளிவாகப் பொறித்த ஆரம்பகாலப் பெண் அச்சுக் கலைஞர்களில் ஒருவர் அவர். அடியோரத்தில் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தாளின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். பழைய சேகரிப்பாளர்கள் தங்கள் முத்திரையைச் சிறிதாகக் குத்திவைப்பார்கள். அவற்றை ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் எண்ணிட்டுத் தொகுத்தார். இன்று பாரிஸின் கஸ்டோடியா அறக்கட்டளை அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. படத்துக்குச் சட்டகம் போட்டுக் கொடுத்த கடையின் பழைய சீட்டு பின்பலகையில் ஒட்டியிருந்தால் கிழித்துப் போடாதீர்கள். அந்தக் கடை எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இருந்தது என்று கண்டால், படம் யாரோ ஒருவரின் சுவரில் ஏறிய காலம் கிடைத்துவிடும்.

நகலும் மறு அச்சும்

ஜெர்மன் கலைஞர் ட்யூரரின் மரச்செதுக்குகளை இத்தாலியச் செதுக்குநர் மார்க்கன்டோனியோ ரைமொண்டி அவருடைய அடையாள எழுத்துகளோடு சேர்த்தே செம்பில் நகலெடுத்தார், அதுவும் ட்யூரர் உயிரோடிருந்த காலத்தில். இந்தக் கலையில் நகல் அவ்வளவு பழையது. ஆனால் பழைய நகலுக்கும் ஒரு செய்தவர் உண்டு, அவரும் தேடத் தகுந்தவரே. மறு அச்சு வேறு விஷயம்: உண்மையான தகடு, பிந்திய காலத்துத் தாள். ஸ்பானிய ஓவியர் கோயா 1828இல் இறந்தார். போரின் கொடுமைகளைக் காட்டும் அவருடைய 80 தகடுகள் முதன்முதலாக வெளியானதே 1863இல்தான். அவர் காலத்து அச்சு இல்லை என்பதற்காக அதை யாரும் போலி என்பதில்லை. எப்போது அச்சானது என்பதை மறைத்து விற்பதுதான் ஏமாற்று.

தகட்டின் மறுபிறவிக்கு நான் அறிந்த மிக அழகான சான்று ஹெர்குலிஸ் செகர்ஸ். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த டச்சுக்காரர். வண்ணத் தாளிலும் துணியிலும் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியையும் வேறு வேறாக ஆக்கியவர். அவருடைய அச்சுகளில் இன்று எஞ்சியிருப்பவை 200க்கும் குறைவு. வாழும்போது பெரிய புகழ் கிடைக்கவில்லை. ரெம்பிரான்ட் அவர் ஓவியங்களை வாங்கிவைத்திருந்தார், ஒரு தகடும் அவர் கைக்கு வந்தது. அதில் தோபியாவும் தேவதூதரும் நடந்துகொண்டிருந்தார்கள். ரெம்பிரான்ட் அந்த உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, எகிப்துக்குத் தப்பிச் செல்லும் திருக்குடும்பத்தை வரைந்தார். செகர்ஸின் நிலக்காட்சியில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவைத்தார். மரங்களுக்கிடையில் தேவதூதரின் இறக்கைத் தடம் இன்னும் தெரிகிறது.

கையாளுதல் பற்றிச் சுருக்கமாக

செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். அமிலமற்ற அட்டை, நேரடி வெயில் படாத இடம், சுத்தமான உலர்ந்த கை. சட்டகத்தில் பொருத்துவதற்காக விளிம்பை வெட்டாதீர்கள். இதுவரை சொன்ன சான்றுகளில் பாதி அங்கேதான் இருக்கிறது. பழுப்புப் புள்ளிகளைப் போக்க வீட்டு வைத்தியம் எதையும் முயலாமல் தாள் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை: பெரிய பெயர் எதுவும் வேண்டாம். அடியோரம் முழுதாக இருக்கும், குறைந்தது இரண்டு பெயர்கள் படிக்க முடிகிற, உங்களுக்குப் பார்க்கப் பிடித்த ஒரே ஒரு படத்தை வாங்கி அதை முழுதாகப் படியுங்கள்.

கண்டதை எழுதும்போது உறுதியின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். தகட்டில் பெயர் இருக்கிறது என்பது ஒன்று, பாணியை வைத்து இவராக இருக்கலாம் என்பது இன்னொன்று, இந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல முடிவது மூன்றாவது. அருங்காட்சியகங்களும் இப்படித்தான் பிரித்து எழுதுகின்றன. குறிப்பைப் படத்தின் தாளில் எழுதாமல், அதை வைக்கும் உறையின் மேல் தேதியோடு பென்சிலில் எழுதுங்கள். பின்னால் கருத்து மாறினால் பழையதை அழிக்காமல் அதன் கீழே புதியதையும் காரணத்தையும் சேருங்கள். உங்களுக்குப் பின் அந்தப் படத்தை வைத்திருக்கப்போகிறவர் அதே பெயரைத் தேடும்போது, எந்தப் பாதை எங்கே முட்டி நின்றது என்பதும் அவருக்கு வேண்டியிருக்கும்.